ஸ்டாஃபர் வீட்டு இரண்டு துப்பாக்கிகள்

பழைய ராணுவத் துப்பாக்கியைப் பளபளவென்று தேய்த்து எடுத்து வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதன் மரக்கட்டையில் எண்ணெய்க் கறையும் கீறலும் ஆயுதச்சாலை முத்திரையும் அப்படியே இருந்தால்தான் அதற்கு விலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டால் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வசந்தகாலத்தில் துப்பாக்கிச் சந்தை கூடும்போது, "அர்லீன் மேஜைக்குப் போனா அழுதுட்டுத்தான் வரணும்" என்பார்கள். போகட்டும், பழைய துப்பாக்கி வாங்கி விற்பது என் வயிற்றுப்பிழைப்பு.

வெண்டல் ஸ்டாஃபர் குளியல் துண்டில் சுற்றிய மூட்டையோடு என் மேஜைக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், ஐம்பதைத் தாண்டியவன். மூட்டையைப் பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்கப்பாவோட ஜெர்மன் துப்பாக்கிதானே? நான் கெஞ்சினப்பல்லாம் குடுக்கமாட்டேன்னாரே மனுஷன்."

"இப்ப நான் குடுக்கறேன். அதைப் பாத்தாலே அண்ணன் மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வருது. வீட்ல வேணாம்."

அண்ணன் லோர்ன் தூரத்தில் எங்கேயும் இல்லை. அதே கூடத்தின் கோடியில், தீயணைப்புக்காரர்களின் சமையலறை ஜன்னலில், பீன்ஸ் சூப் ஊற்றிக்கொண்டிருந்தான். வருகிற ஒவ்வொருவரிடமும் திருடனை விசாரிப்பதுபோல "வெங்காயம் போடவா?" என்று கேட்பது அவன் வழக்கம். அந்தக் குரல் என் மேஜைவரை கேட்டது. வெண்டல் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றான்.

அவர்கள் அப்பா எல்வுட் இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர். சரணடைந்த ஜெர்மானியர்கள் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டுகளை வேறொரு குவியலாகவும் போட்டுவிட்டுப் போனார்களாம். நம் பட்டாளத்துப் பையன்கள் இதில் ஒன்று, அதில் ஒன்று என்று கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள். அதனால்தான் இந்த நாட்டில் பாதித் துப்பாக்கிகளில் உடம்புக்கு ஓர் எண், போல்ட்டுக்கு வேறோர் எண். எல்வுட் மட்டும் சார்ஜென்ட் திட்டத் திட்டக் குவியலில் உட்கார்ந்து துழாவி, எண் பொருந்துகிற இரண்டு ஜோடியை எடுத்து வந்தார். வருஷா வருஷம் இரண்டையும் சந்தைக்குக் கொண்டுவருவார். விற்க இல்லை, எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள. "என் பசங்கதான் ஒட்டமாட்டாங்க. பெரியவன் வெங்காயத்தைப் பச்சையாக் கடிப்பான், சின்னவன் வாசனைக்கே ஓடுவான். துப்பாக்கிங்க அப்படியில்ல, பாரு!" என்று எண்களைக் காட்டுவார். அவர் போனபிறகு ஆளுக்கொன்று வந்தது.

கட்டை அப்படியே இருந்தது. முத்திரை தெளிவாக இருந்தது. போல்ட்டை உருவி எண்ணைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"இது இதோட போல்ட் இல்ல, வெண்டல். எண் பொருந்தலைன்னா பாதி விலைதான்."

"என்ன விளையாடறீங்களா? அப்பா உங்க மூக்குக்கு நேரா காட்டினாரே!"

"காட்டினார், நானும் பாத்தேன். இதோடது உங்கண்ணன்கிட்ட இருக்கு. அவனோடது இது. உங்கப்பா ஒண்ணைத் துடைச்சு மாட்டாம இன்னொண்ணைத் தொடமாட்டார். ரெண்டையும் ஒண்ணாப் பிரிச்சுப் போட்டது யாரு?"

அவன் துண்டின் ஓரத்தைத் திருகினான்.

"அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு. அம்மாவோட சமையல் மேஜையில ரெண்டு பேரும் உக்காந்து துடைச்சோம். அப்பா மாதிரியே பேசிப் பேசிச் சிரிச்சோம். அவ்வளவு சிரிச்சோம், அர்லீன். மறுநாள் போறேன், அப்பாவோட நாயைக் காணோம். என்னை ஒரு வார்த்தை கேக்காம அண்ணன் எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டான். அதோட சரி, பேச்சே இல்ல."

"ரெண்டு வருஷமா ஒரு நாய்க்காக?"

"கேக்கலையே. கேட்டிருக்கலாம்ல?"

நான் வியாபாரி. இவனிடம் பாதிக்கு வாங்கி, அவனிடமும் பாதிக்கு வாங்கி, போல்ட்டை மாற்றிப் போட்டால் எனக்குக் கொள்ளை லாபம். ஆனால் எல்வுட் அந்தக் குவியலில் துழாவியதை நினைத்தால் கை கூசியது. போல்ட்டை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போனேன்.

லோர்ன் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். அவனோடது என் வண்டியில இருக்கு. எப்பவோ கண்டுபிடிச்சேன்."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டிருந்தே? நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"அவன் வரட்டும். அவன் கையிலதான் குடுப்பேன். உங்களுக்கு வெங்காயம் போடவா?"

"உன் தலையில போடு" என்று திரும்பி வந்தேன். இரண்டு கழுதைகளுக்கு நடுவில் தூது போக எனக்கு என்ன தலையெழுத்து?

நடந்ததை அப்படியே வெண்டலிடம் சொன்னேன். "ரெண்டு வழி இருக்கு. பாதி விலையை இப்பவே வாங்கிட்டுப் போ, நான் சந்தோஷமாக் குடுக்கறேன். இல்ல, வரிசையில போய் நில்லு. இன்னொரு நடை நான் போகமாட்டேன்."

அவன் என் பணப்பெட்டியைப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு போல்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், சூப் வரிசையின் கடைசியில் நின்றான். அவனுக்கு முன்னால் இருந்தவர்களை லோர்ன் ஒவ்வொருவராக விசாரித்தான். வெங்காயம் போடவா? வெங்காயம் போடவா? வரிசை நகர்ந்தது. ஒரு வாடிக்கையாளர் என்னிடம் ஏதோ விலை கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.

வெண்டலின் முறை வந்தது. போல்ட்டை ஜன்னல் பலகையில் வைத்தான். லோர்ன் அதை எடுத்து ஏப்ரனில் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஒரு கிண்ணத்தை எடுத்து சூப்பை நிரம்ப ஊற்றினான். வெங்காயத் தட்டின் பக்கம் அவன் கை போகவே இல்லை. ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தைத் தம்பியிடம் நீட்டினான்.

வெண்டல் அங்கேயே நின்றபடி சாப்பிட்டான். துப்பாக்கி என் மேஜையில், குளியல் துண்டின்மேல் கிடந்தது. இனி அது எனக்குக் கிடைக்காது.