முதுகுப்பக்கம்

தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளுக்காக சிலிக்கானும் ஜெர்மானியமும் கலந்து செய்த தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுக்கொண்டிருந்தன. மின்சாரம் போகக் கூடாத இடத்திலெல்லாம் கசிந்தது. சோதனையில் அகப்பட்ட குற்றவாளி செம்பு. குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்களே, இந்தத் தட்டுக்கு அந்தத் துளிகூட அதிகம்.

செம்பு உலையிலிருந்துதான் வரும் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். உலை அக்காவின் பொறுப்பு. தட்டுகளை மெருகேற்றி உலைக்கு அனுப்புவது தங்கை. சாயங்காலக் கூட்டத்தில் அக்காவிடமிருந்து உலையைப் பிடுங்கி, அவளைக் கிடங்குக்கு மாற்றப்போவதாகப் பேச்சு.

தங்கைக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது. சின்ன வயதில் வீட்டில் எது உடைந்தாலும் அக்கா தலையில்தான் விடியும். அவளும் "ஆமா, நான்தான்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவாள். உடைத்த தங்கையோ, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பூனை இப்போது குட்டி போட்ட பூனையாக மேசைக்கும் ஜன்னலுக்கும் அலைந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் கை எதையாவது நோண்டியது. போன வருடமும் இதே உலைதானே? அப்போது ஏன் ஒன்றும் கெடவில்லை? பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். முன்பக்கத்தில் அவள் முகம் தெரிந்தது. திருப்பினாள். பின்பக்கத்திலும் தெரிந்தது.

பழைய தட்டுகளின் முதுகு சொரசொரவென்று இருக்கும். பார்வையாளர்கள் வரும்போது அசிங்கமாக இருக்கிறதென்று இரண்டு பக்கமும் மெருகேற்றச் சொன்னவள் அவள்தான். சூட்டில் செம்பு தட்டு முழுக்க ஓடித் திரியும். ஆறும்போது எங்கே கீறலும் காயமும் இருக்கிறதோ அங்கே போய் ஒதுங்கும். படித்த பாடம்தான், அழகு பார்த்ததில் மறந்துபோனது. முதுகில் இடம் கிடைக்காத செம்பு, மின்சுற்று இருக்கும் முன்பக்கத்தில் குடியேறிவிட்டது.

ஒரு தட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி, தேய்க்காத இன்னொன்றோடு உலையில் வைக்கச் சொன்னாள். அக்கா எதற்கென்று கேட்காமல் வைத்தாள். ஆறியதும் கசிவை அளந்தார்கள். கீறியது கசியவில்லை. வழவழப்பானது ஒழுகியது.

"அப்ப என் உலைல செம்பு இருக்கறது உண்மைதானே?" என்றாள் அக்கா.

"எப்பவும் இருந்திருக்கு. அது போய் ஒதுங்கற இடத்த நான்தான் வழிச்சு எடுத்துட்டேன்."

அக்கா தட்டை மேசையில் வைத்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள். "விடு. உலைன்னே இருக்கட்டும். உனக்கு இப்பதான் பேரு வந்திருக்கு. கிடங்குல எனக்கென்ன, நிம்மதியா இருப்பேன்."

தங்கையால் அந்தத் தோளைப் பார்க்கவே முடியவில்லை.

கூட்டத்தில் மேலாளர் அக்காவின் பக்கம் திரும்பி ஆரம்பிப்பதற்குள், தங்கை இரண்டு தட்டுகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அவங்கள விடுங்க சார். இதுங்க முதுகப் பாருங்க."

மேசைக்கடியில் அக்காவின் கால் இவள் காலை அழுத்தி மிதித்தது. வலித்தது. இவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"வழவழன்னு ஆக்கச் சொன்னது நான்தான்," என்றாள்.