கழுதை கொடுத்த ஈற்றடி

சபையில் யார் ஈற்றடி கொடுத்தாலும் அதில் முடியும்படி உடனே கவி கட்டுவேன், தவறினால் இனி மேடையேற மாட்டேன் என்று மன்னார்க் கவியரங்கில் கலந்தர் சபதம் செய்திருந்தார். அன்றைய பொருள், வேறுபட்டவரையும் ஏற்றுக்கொள்வது.

"ஆரும் குடுங்கோ. நான் ஆள் பார்க்கமாட்டன்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் நின்ற தெருக்கழுதை ஒன்று நீட்டி நிதானமாகக் கத்தியது.

"ஈற்றடி வந்திட்டுது, காக்கா. பாடுங்கோ" என்றாள் கலந்தரை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் அறிவிப்பாளர் நஸ்லியா, சிரிக்காமல்.

கலந்தர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். சபதம் சபதந்தானே, பாடத் தொடங்கினார்.

"காதைக் கண்டு சிரித்தோம், கல்லால் எறிந்தோம்;
வாசலிலே நிறுத்திவைத்து அன்பென்று பேசினோம்;
உள்ளே வா நண்பா, உன் சொல்லும் ஒரு சொல்தான்..."

கடைசி அடியைக் கத்தக் கூசி அவர் நின்றபோது, கழுதை உள்ளே வந்து தாளம் பிசகாமல் தானே அதைக் கத்தி முடித்தது. பிறகு முன்வரிசையில் பிரதம விருந்தினரின் கதிரையில் ஏறி அமர்ந்தது.

பிந்தி வந்த பிரதம விருந்தினர் தன் கதிரையையே பார்த்தபடி நின்றார்.

"எழுப்பவோ, காக்கா?" என்றாள் நஸ்லியா.

"உள்ளே வா எண்டு பாடிப்போட்டு எப்பிடி, மகள், எழுப்புறது?" என்றார் கலந்தர். "ஐயாவுக்கு வேற கதிரை எடுங்கோ."