அவள்தான் கழுவினாள்

ஆதாம் என்கிற ஆளை எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில். கொடைக்கானலிலிருந்து ஒரு சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மன்னவனூருக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் பழக அவர் தந்தது உலகம் உண்டான கதை. வெளிச்சம் உண்டானது, மீன் உண்டானது, மனுசன் உண்டானான். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. தின்னக் கூடாத பழத்தைத் தின்றுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன், சாமி வந்து கேட்டதும் பெண்டாட்டியைக் கை காட்டினான் பாருங்கள், அங்கே எனக்குக் குமட்டியது. போதாததற்கு, இவளை எனக்குக் கொடுத்ததே நீதானே என்று சாமிக்கும் சேர்த்து ஒரு குத்து.

என் வீட்டுக்காரி முருகம்மாள் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டே கேட்பாள். அவன் பெண்டாட்டி ஏவாள், பழம் தின்னச் சொன்ன பாம்பைக் காட்டினாள் என்று வாசித்ததும் சிரித்துவிட்டாள்.

"பாம்புக்குக் கையில்லைல்ல. அது பாவம், யாரைக் காட்டும்?"

ஆதாமின் மூத்த மகன் காயீன் மண் கிண்டுகிறவன், அவன் தம்பி ஆடு மேய்க்கிறவன். சாமி ஆட்டை வாங்கிக்கொண்டு வெள்ளாமையைத் திரும்பியும் பார்க்கவில்லையாம். நானும் மண் கிண்டுகிறவன் என்பதால் அவன் மேல் கொஞ்சம் இரக்கம் இருந்தது. தம்பியைக் கொன்றுவிட்டு எனக்கென்ன தெரியும் என்றான், அந்த இரக்கமும் போனது. கடைசியில் வெள்ளம் வந்து அத்தனை பேரையும் அடித்துக்கொண்டு போனபோது, நல்ல சோலிதான் பார்த்திருக்கு சாமி என்றாள் முருகம்மாள்.

இனி என் கதை.

நான் வேலை பார்ப்பது திருமலைச்சாமி முதலாளியின் பூண்டுக்காட்டில். காட்டை ஒட்டி ஓடை. அதன் கீழ்ச்சரிவில் அவருடைய பங்காளி சிவமுருகன் ஆட்டுப்பட்டி போட்டிருக்கிறார். பூச்சிமருந்து கலக்கிய டிரம்மை ஓடையில் கழுவக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. ஓடையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி, குடத்தில் தண்ணீர் சுமந்துபோய்க் கழுவி, அந்தக் குழியிலேயே ஊற்றி மூட வேண்டும். அதற்கு நாலு நடை நடக்கணும்.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, "ஏலே வேலுச்சாமி, வெரசா முடிச்சிட்டு வா" என்றார். ஓடையில் கழுவு என்று அவர் சொல்லவில்லை. குழியில் கழுவு என்றும் சொல்லவில்லை. எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. டிரம்மை ஓடையில் அமுக்கி மூன்று தரம் அலசினேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக்கொண்டு ஓடியது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் வெள்ளனே சிவமுருகனின் பட்டியில் பதினோரு ஆடுகள் வாயில் நுரை தள்ளிக் கிடந்தன. இரண்டு சினை ஆடு. வயிறு உப்பி, ஈ மொய்த்து, அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் கிடக்கிறது.

பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. தண்ணியைக் கெடுத்தது யாரானாலும் ஒரு வருசம் ஓடையைத் தொடக் கூடாது, ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று ஊர்ப்பெரியவர் முருகானந்தம் முதலிலேயே சொல்லிவிட்டார். திருமலைச்சாமி முதலாளி எழுந்து, நான் ஜீப்பை விட்டே இறங்கவில்லை, வேலையாளைக் கேளுங்கள் என்றார். அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"முருகம்மாதான் கழுவுனா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாந்தி வருவது போல அதுவாக வந்தது. அன்றைக்கு அவளும் காட்டில் களை எடுத்தாள், அதனால் ஊருக்கும் நம்ப லேசாக இருந்தது. பொம்பளை சோலி இப்படித்தான் என்று ஒருவன் சொன்னான். நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கழுத்தை நானே திருகலாம் போல இருக்கிறது.

முருகம்மாள் பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"ஐயா, நான் ஒன்னும் சொல்லப் போறதில்லங்க. தட்டுல சூடத்தை ஏத்தி அவரு முன்னால வைங்க. முருகம்மாதான் கழுவுனான்னு ஆத்தா முன்னால அணைச்சு சத்தியம் பண்ணட்டும். ஒரு வருசமில்ல, ஊரை விட்டே போறேன்."

சூடம் வந்தது. எங்கள் ஊரில் சூடத்தை அணைத்துப் பொய் சொன்னவன் கிடையாது. நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் சுட்டதும், "நான்தான் கழுவுனேன், அவ இல்ல" என்றேன்.

அவள் மேல் உள்ள பாசத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொய்ச் சத்தியம் பண்ணினால் ஆத்தா கண்ணைக் கெடுத்துவிடுவாள் என்ற பயம். இப்போதுதான் நாலு எழுத்து தெரிய ஆரம்பித்த கண்.

அந்த ஒரு வருசத் தடை எனக்கு மட்டும் என்று முடிந்தது. அந்த மருந்தை அடிக்கக் கூடாது என்று வேளாண்மை ஆபீசில் சொல்லியிருந்ததும், முதலாளி அதை ஒளித்து வாங்கி வந்ததும் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிவமுருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் ஜீப்பிலேயே ஏறிப் போனார். செத்த ஆடுகளைப் புதைக்க என்னைத்தான் விட்டார்கள். அதை வேலையில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது முருகம்மாள் ஓடையின் மேல்பக்கத்திலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். உள்ளே இறக்கி வைத்துவிட்டு ஒரு சொம்பு மொண்டு என் முன்னால் வைத்தாள். கை கழுவு என்றோ குடி என்றோ சொல்லவில்லை.

நாலு மாசம் ஆகிறது. அவள்தான் கேரட் பிடுங்கப் போகிறாள், அவள்தான் தண்ணீர் சுமக்கிறாள். நான் வாசலில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. ஆனாலும் அவள் குடத்தை இறக்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று நிமிர்ந்து உட்காருகிறேன்.