ஸகியா மாற்றி ஊற்றிய எண்ணெய்

அரை வருடமாக ஸகியா ஒரு திருட்டுத்தனம் செய்துவந்தாள். ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து டாக்டர் இல்ஹெம் மாதாமாதம் கொண்டுவரும் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை மாவுப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, கணவர் மஹ்ரெஸுக்குத் தினமும் காலையில் வீட்டு எண்ணெயையே கரண்டியில் ஊற்றிக் கொடுத்தாள்.

மஹ்ரெஸுக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. நாற்பது வருடம் எண்ணெய் ஆலையில் மேஸ்திரியாக இருந்த மனிதர், ஆலைக்குப் போகும் வழியை மறந்தார். பிறகு மகன்களின் பெயரை மறந்தார். ஸகியாவை மட்டும் இன்னும் விடவில்லை. அதுவும் போய்விடக் கூடாதென்றுதான் எண்ணெய் ஞாபகத்தைக் காக்குமா என்று பார்க்கும் இல்ஹெமின் ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்துவிட்டாள்.

ஆனால் டாக்டர் தந்த எண்ணெயின் முதல் கரண்டியிலேயே இருமி, கண்ணில் நீர் வர அவர் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் ஆலிவ் காய் கறுத்துப் பழுத்து, குவியலாகக் கிடந்து வாடிய பிறகுதான் ஆலைக்குப் போகும். எண்ணெய் தொண்டையில் வெண்ணெய்போல இறங்க வேண்டும். எரிகிற எண்ணெயை விருந்தாளிக்கு வைத்தால் மானம் போய்விடும்.

இன்று இல்ஹெம் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்து நின்றாள்.

"பெரியம்மா, அந்த எண்ணெயோட சுவடே அவர் ரத்தத்துல இல்ல. நெசத்தைச் சொல்லுங்க."

ஸகியா மாவுப் பெட்டியைத் திறந்தாள். ஆறு புட்டிகள். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி குறைந்திருந்தது.

"தொண்டை எரிஞ்சு தவிச்சாரும்மா. எங்க எண்ணெயைவிட ஒங்களுது ஒசத்தியாங்கற வீம்பும்தான்."

"அந்த எரிச்சல்தான் பெரியம்மா சத்தே. பாலிஃபீனால்னு பேரு. மூளை துருப்பிடிக்காம அது காக்குதான்னு பாக்குறோம். காயைப் பழுக்கவிட்டுக் குவிச்சு வெச்சா கொறைஞ்சுபோகும்."

"குடிச்சிருந்தா அவரு ஞாபகம் நின்னிருக்குமா?"

இல்ஹெமுக்குப் பொய் சொல்ல வராது. "தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் குடுத்தோம்."

அறை வாங்கியிருந்தால்கூட ஸகியாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பாவி நான், பாவி நான் என்று மனம் அடித்துக்கொண்டது. புட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஹ்ரெஸின் வாயில் வைத்தாள்.

மஹ்ரெஸ் இருமினார். பிறகு நாக்கைச் சப்புக்கொட்டி, பழைய மேஸ்திரியாக நிமிர்ந்தார்.

"பச்சையா பறிச்ச காய். அன்னைக்கே அரைச்சிருக்கான். அசல் சரக்கு!" ஸகியாவை ஏறிட்டுப் பார்த்தார். "ஏம்மா, ஒரு சின்னப் புட்டி குடுப்பியா? வீட்டுல எம் பொண்டாட்டி ஸகியா இருக்கா. எரியுதுன்னு மூஞ்சியத் திருப்புவா. நான் சொன்னா குடிச்சிருவா."

ஸகியா புட்டியைக் கையில் எடுத்தாள்.

"குடுக்குறேன்," என்றாள். அதே கரண்டியில் ஊற்றி, அவர் பார்க்கக் குடித்தாள். தொண்டை எரிந்தது.