சாந்தா ஒலாயா ஏட்டின் கம்பளி

பெசெட்டா நாணயம் போய் யூரோ வந்த வருடம், புனித சூசையப்பர் திருநாள் கழிந்த வாரத்தில், சோரியா நகரில் கசில்டாவின் பட்டறையில் இருந்த திருப்பாடல் ஏட்டுக்குக் கம்பளி முளைத்தது. முதலில் ஒட்டடை என்று நினைத்துத் தூரிகையால் தட்டினாள். போகவில்லை. வார முடிவில் தாவீது அரசர் யாழ் மீட்டும் பக்கத்தில் அவருடைய தாடி எது, கம்பளி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வளர்ந்துவிட்டது. தோலில் ரோமம் இருந்த பக்கங்களில்தான் முளைத்தது. சதை ஒட்டியிருந்த பக்கங்கள் வழவழவென்றே கிடந்தன. பொன்னும் நீலமும் கெடவில்லை, கையால் ஒதுக்கிவிட்டுப் படிக்கலாம். ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செம்மறி ஓட்டிப் பிழைத்த ஊர் இது, தோல் என்றால் கம்பளி வரும் என்று தோளைக் குலுக்கினார்கள். அவர்களை உறுத்தியது வேறு விஷயம். கசில்டாவிடம் இருந்தது தோல் ஏடே அல்ல, அதன் நகல். காகிதத்தில் அச்சிட்டது.

அசல், துவேரோ ஆற்றுக்கு அப்பால் உள்ள சாந்தா ஒலாயா கன்னியர் மடத்துச் சொத்து. எண்ணூறு வருடத்துக்கு முன் செம்மறித் தோலில் எழுதி, பொன் தீட்டி, ஓரங்களில் முயலும் குரங்கும் வரைந்து வைத்தது. அதைப் புத்தகப் பித்தர்களுக்காக மறுபடி செய்து தருவதுதான் கசில்டாவுக்கும் அவள் கணவன் அபிலியோவுக்கும் பிழைப்பு. வண்ணம் அவள் பொறுப்பு, கட்டுமானம் அவன் பொறுப்பு. மெழுகு சொட்டிய கறை, புழு துளைத்த ஓட்டை, கிழிந்த தோலை யாரோ ஒரு துறவி நூலால் தைத்த தையல், எல்லாம் ஒவ்வொரு நகலிலும் அதே இடத்தில் வரவேண்டும். பழைய நாற்றம் கூட வரவேண்டும்; அதற்கு அபிலியோ ஒரு கஷாயம் வைத்திருந்தான், அதில் என்ன போட்டான் என்று மனைவியிடமும் சொன்னதில்லை. கடைசியில் நோட்டரி தோன் செலதோனியோ வந்து பிரதிகளுக்கு இலக்கம் போட்டுச் சான்று கொடுப்பார், அவர் கண்ணெதிரே அச்சுத் தகடுகளை வெட்டிப் போடுவார்கள். இலக்கம் இல்லாத ஒரே ஒரு நகல் மட்டும் பட்டறையிலேயே தங்கும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த அன்று அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடையவரைக் கூப்பிட்டு, உங்களுடையது எது, எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அவர் தப்பாக எடுத்தால் பட்டறைக்கு வெற்றி. கைதட்டல், ஆட்டுக்குட்டி வறுவல், ரிபேரா ஒயின். சாந்தா ஒலாயா மடத்தின் சார்பில் வந்தவர் நூலகக் கன்னியர் சிஸ்டர் பிளாசிதா. பிளாசிதா என்றால் சாந்தமானவள் என்று பொருள், பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். மடத்துக்கு வரும் ரொட்டியைக்கூட எடை போட்டுத்தான் உள்ளே விடுவார். அவர் ஒரு ஏட்டின்மேல் கை வைத்தார். அபிலியோ சிரித்துக்கொண்டே, அது எங்களுடையது சிஸ்டர் என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கசில்டா அந்த நேரம் அடுப்படியில் ஆட்டுக்குட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்கவில்லை.

கம்பளிச் செய்தி ஆற்றைத் தாண்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. சிஸ்டர் பிளாசிதா பால் வண்டியில் ஏறி வந்து பட்டறை வாசலில் இறங்கினார். வணக்கம் சொல்லவில்லை.

"காகிதத்துல கம்பளி முளைக்குமா கசில்டா, நீயே சொல்லு. எங்க ஏடு மொட்டையா கிடக்கு, உன்னோடது ஆடு மாதிரி நிக்குது. அன்னைக்கு நான் சரியாத்தான் கை வச்சேன். உன் வீட்டுக்காரர்தான் பல்லைக் காட்டிக்கிட்டே பிடுங்கி உள்ள வச்சாரு."

மறுக்க முடியாத வாதம். பார் கவுண்டரிலும் சீட்டாட்ட மேசையிலும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். தலைநகர் மாத்ரித்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் கம்பளி உள்ள ஏட்டைத் தடவி, தோல் என்றார். மொட்டையையும் தடவி, இதுவும் தோல் என்றார். சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார். அவர் அபிலியோ வீட்டில் சாப்பிட்டதை நாலு பேர் பார்த்திருந்ததால் அவர் பேச்சு எடுபடவில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பெல்ஜியத்திலிருந்து ஒரு பணக்காரர் மூன்று தடவை அபிலியோவைத் தேடி வந்தார். அபிலியோ இந்த வருடம் புதுக் கோட்டு வாங்கினான். அபிலியோ சமீபத்தில் எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்கிறான், இதற்கு முன் சொன்னானா? முன்பும் சொன்னான்தான், அப்போது யாரும் கவனிக்கவில்லை. மடத்தார் கம்பளி ஏட்டைத் தூக்கிக்கொண்டு போய், மொட்டை ஏட்டைப் பட்டறை மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர் சொன்னதை அபிலியோ தாங்கிக்கொண்டான். ஊர் என்றால் அப்படித்தான், நாளைக்கு வேறு ஒருவன் கிடைப்பான். ஆனால் கசில்டாவுக்கும் தூக்கம் கெட்டது. முப்பது வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்த மனுஷனை அவள் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினாள். அந்தக் கஷாயத்தில் என்ன போடுகிறான் என்று எனக்கே சொல்லாதவன், வேறு எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறான்? பெல்ஜியக்காரர் வந்தபோதெல்லாம் என்னை எதற்குக் கடைக்கு அனுப்பினான்? ஒயின் வாங்கத்தான் அனுப்பினான், அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடுகிறது. ஒரு மத்தியானம், பூண்டு சூப் ஆறிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டாள்.

"மாத்தினியா?"

"கேக்கறது யாரு, சிஸ்டரா, நீயா?"

"நான்தான் கேக்கறேன்."

"இல்ல" என்றான் அபிலியோ. சூப்பைக் குடித்து முடித்தான், தட்டைக் கழுவி வைத்தான். மறுநாள் காலை பட்டறைக் கதவில் அவனுடைய சாவி நுழையவில்லை, அவள் பூட்டை மாற்றியிருந்தாள். அவன் கதவைத் தட்டவில்லை. அல்மசானில் அவன் அண்ணன் ரொட்டிக்கடை வைத்திருந்தார், அங்கே பஸ் ஏறிப் போய்விட்டான்.

அவன் போன பிறகு, மே மாதத்தில், பட்டறை மேசையில் கிடந்த மொட்டை ஏட்டுக்கும் கம்பளி முளைத்தது. சிஸ்டர் பிளாசிதா, ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி மாற்றிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு மடத்து அலமாரியைத் திறந்தார். அவர்களுடையது முன்பைவிட அடர்த்தியாக உள்ளே இருந்தது. அதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. பில்பாவோவில் ஒரு விதவை, கென்ட்டில் ஒரு பல் மருத்துவர், லிஸ்பனில் கால்பந்து கிளப் வைத்திருக்கும் ஒருவர், நகல் வாங்கிய எல்லோருக்கும் ஒரே கேள்வி: வெட்டலாமா, வெட்டினால் பொன் உரியுமா? அந்தப் பெல்ஜியக்காரரும் பேசினார். அவர் வாங்கியதும் இலக்கம் போட்ட நகல்தான், அதற்கும் முளைத்திருந்தது. பட்டறையில் கணப்பு எப்போதும் எரியும், அதனால் அங்கே முதலில் வந்தது. மடத்தில் கணப்பு கிடையாது, அதனால் பிந்தியது. அவ்வளவுதான் விஷயம். தோன் செலதோனியோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்பளி எல்லாவற்றிலும் வருவதால் அதைச் சாட்சியமாக ஏற்பதற்கில்லை என்றார். ஊர் அதை ஒரு வாரத்தில் ஜீரணித்துவிட்டது. தோலைப் போலவே செய்தால் தோலைப் போலவே நடந்துகொள்ளும், இதில் என்ன அதிசயம் என்றார்கள். சான் ஹுவான் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். சிஸ்டர் பிளாசிதா மட்டும் அல்மசானுக்கு ஒரு டப்பா வெண்ணெய் அனுப்பினார். மன்னிப்பு என்று தனியாக எதுவும் சொல்லவில்லை.

கசில்டா புதுப் பூட்டின் சாவியில் ஒன்றை எடுத்துக்கொண்டு அல்மசானுக்குப் போனாள். அபிலியோ கையெல்லாம் மாவோடு கடை வாசலில் நின்று அவள் சொன்னதைக் கேட்டான்.

"ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, வா" என்றாள்.

"முளைச்சதால ஒத்துக்கிட்டாங்க. முளைக்கலன்னா?"

அவள் சாவியை நீட்டினாள்.

"காகிதத்துல ஆட்டு ரோமம் வரும்னு ஒரே வாரத்துல நம்பிட்டீங்க, கசில்டா. நான் 'இல்ல'ன்னு சொன்னேன். அதைத்தான் உன்னால நம்ப முடியல."

அவன் திரும்பி வந்தான். இன்றும் அதே பட்டறையில்தான் இருக்கிறான், ஆனால் சாவியை வாங்கவில்லை. அவள் வந்து பூட்டைத் திறக்கும்வரை, பனி கொட்டினாலும், தெருவிலேயே நிற்பான். அவள் உள்ளே போய் எதிரே உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் ஏட்டின்மேல் கை வைப்பான். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் பக்கத்து மருந்துக்கடைக்காரரை வந்து சாட்சிக்கு உட்காரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான், கிண்டலாக அல்ல, மரியாதையோடுதான். போதும், விடு என்று அவள் அழுது பார்த்துவிட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவும் இல்லை, விடவும் இல்லை. ஜூன் வந்தால் ஊர் ஊராக ஏடுகள் கம்பளியோடு வந்து சேர்கின்றன. அபிலியோ சின்னக் கத்திரியால் பொன் படாமல் வெட்டுகிறான், கசில்டா எதிரே உட்கார்ந்து அவன் கைகளையே பார்க்கிறாள். இந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததால் கம்பளி நீளம்.