பேட்டரிக்கோசரம்

தீர்த்தகிரியின் கார் ஒன்றரை வருஷத்துக்குள் இரண்டு பேட்டரிகளைத் தின்று தீர்த்தது. காரின் மேல் குற்றமில்லை. அவர் ஓசூர் சிப்காட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ் ஜூஜுவாடி முனையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் அதே முனையில் இறக்கிவிடும். கார் வாசலில் கவர் போர்த்தி நிற்கும். மகன் ஹரீஷ்குமாருக்குப் புனேயில் வேலை. மனைவி சரோஜம்மாளுக்கோ காரில் போவதைவிட, வீட்டில் கார் இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்வதே போதுமாக இருந்தது.

மூன்றாவது பேட்டரியை மாட்டிய கடைக்காரர் முனிவேலுக்கு மனசு தாங்கவில்லை.

"சார், நீங்க பேட்டரிய பட்டினி போட்டே கொல்றீங்க."

"தெனமும் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேனேப்பா."

"அதான் தப்பு. ஸ்டார்ட் பண்றதுக்கு அது குடுத்த கரண்டே நின்ன எடத்துல திரும்பி ஏறாது. வாரத்துக்கு ஒருக்கா ஒரே ஓட்டமா முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்க. அப்பப்ப மூடிய தொறந்து பாத்து, தண்ணி கொறஞ்சிருந்தா டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துங்க. டெர்மினல்ல வெள்ளையா பூத்துச்சுன்னா வெந்நியில ஆப்ப சோடா கலந்து கழுவி, தொடச்சு, வாசலின் தடவுங்க." பிறகு ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து நீட்டினார். "இதுல ஆசிட்ட உறிஞ்சினா உள்ள மெதவ மெதக்கும். பச்சையில நின்னா நல்லா இருக்குது. செவப்புன்னா போச்சு. ஆனா ஓட்டி நிறுத்தின ஒடனே பாக்காதீங்க, தப்பா காட்டும். மூணு மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்க."

வேறு யாராவது இருந்தால் தலையாட்டிவிட்டுப் பாதியை வழியிலேயே மறந்திருப்பார்கள். தீர்த்தகிரி இருபது வருஷமாக வரைபடத்தில் போட்ட அளவுக்கு ஒரு நூல் பிசகினாலும் போல்ட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டவர். முப்பது என்றால் அவருக்கு முப்பது. மூணு மணி நேரம் என்றால் மூணு மணி நேரம்.

ஆனால் எங்கே ஓட்டுவது? அத்திப்பள்ளிப் பக்கம் போனால் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து பேட்டரி ஏறுவதற்குள் ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமை சூளகிரிப் பக்கமாக ஓட்டிப்போய், ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, புருஷனும் பெண்டாட்டியும் காருக்குள்ளேயே உட்கார்ந்து பேட்டரியை ஆறவிட்டார்கள். ரோந்து போலீஸ் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது தடவை, "வீட்ல ஏதாவது பிரச்சனைங்களாம்மா?" என்று சரோஜம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது.

திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "பேரிகையில எங்கண்ணன் வீடு இருக்குது. அதுவும் முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும்."

சரோஜம்மாளின் அண்ணன் கரியப்பனோடு அவர்களுக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஜூஜுவாடி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பசுமாடு வேண்டுமென்று, கரியப்பன் பேரிகையிலிருந்து தன் மாட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆல்பம் வந்தபோது மாடு பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. கரியப்பன் இல்லை. கயிற்றைப் பிடித்த ஒரு கை மட்டும் ஒரு படத்தில் இருந்தது. அன்று ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுப் போனவர்தான்.

அடுத்த ஞாயிறு கார் கரியப்பன் வீட்டு வாசலில் நின்றது. தக்காளிக் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க மாப்ள" என்றார். தீர்த்தகிரி பேட்டரி விஷயத்தை முறையாக விளக்குவதற்காகத் தொண்டையைச் செருமினார். அதற்குள் கரியப்பனின் மனைவி நாராயணம்மா ஓடிவந்து சரோஜம்மாளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிற இடத்தில் ஆசிட்டைப் பற்றி எப்படிப் பேசுவது? அவர் செருமியதோடு நிறுத்திக்கொண்டார்.

கோழி அடித்தார்கள். சாப்பிட்டார்கள். மூணு மணி நேரம் முடிந்ததும் தீர்த்தகிரி எழுந்து போய் பானெட்டைத் தூக்கி, மூடியைத் திருகி, குழாயில் உறிஞ்சி, கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பச்சைங்களா?" என்றாள் சரோஜம்மாள்.

"பச்சை."

"அப்ப கெளம்பலாம்."

நாராயணம்மா வாசற்படியில் நின்று இதையெல்லாம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறவில்லை. வருவார்கள், சாப்பிடுவார்கள், ஆறுவார்கள், பச்சை பார்ப்பார்கள், போவார்கள். கரியப்பன் வீட்டில் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது தீர்த்தகிரிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒன்பது வருஷம் எட்டிப் பார்க்காத நாத்தனார் வாராவாரம் வருகிறாள். அவளுக்குக் கல்யாண வயதில் பையன். இங்கே முறைப்பெண்ணாக மகள் ஹரிணி. வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லாமல் கிளம்பும்போதெல்லாம் அவள் புருஷன் எதையோ உறிஞ்சிச் சகுனம் பார்க்கிறார், வாராவாரம் பச்சை வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நடுவில் வேட்டி வேறு வந்து சேர்ந்தது. ஆசிட் தெறித்த வேட்டியைத் துவைத்ததும் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருந்தது. தீர்த்தகிரி அதைக் கவனிக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கரியப்பன் பார்த்தார். மறுவாரமே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே ஒரு பட்டுக்கரை வேட்டி.

"கட்டிக்கங்க மாப்ள."

ஓட்டையைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார் என்று நினைத்து, தீர்த்தகிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சரோஜம்மாள் இருமினாள். நாராயணம்மா உள்ளே போய்ச் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

அதற்கடுத்த ஞாயிறு போனபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. காரை நிழலில் நிறுத்த இடமில்லையே, பேட்டரி சூடேறுமே என்பதுதான் தீர்த்தகிரியின் முதல் கவலை. இறங்கியதும் யாரோ பன்னீர் தெளித்தார்கள். நாற்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். கல்லாவியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த, கரியப்பன் வீட்டுப் பெரியத்தை கருப்பாயி நடுவில் இருந்தாள். அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மடியில் பூத்தட்டு.

"மாப்ள, பையன் வரலன்னாலும் பரவால்ல. இன்னைக்கு பூ வெச்சிரலாம். தேதி அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கரியப்பன்.

தீர்த்தகிரி சரோஜம்மாளைப் பார்த்தார். அவள் ஷாமியானாத் துணியின் பூ வேலைப்பாட்டை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஹரிணி வெளியே வந்தாள். ஸ்கூட்டர் கம்பெனியில் ஷிப்ட் வேலை செய்கிறவள், பெரும்பாலான ஞாயிறுகளில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருப்பாள். இன்று பட்டுப்புடவையில் நிறுத்தியிருந்தார்கள். முகத்தில் தூக்கமும் கோபமும் சம அளவில் இருந்தன.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். நெஜமாவே நீங்க என்னைப் பொண்ணு கேட்டா வந்தீங்க, இத்தன வாரமா?"

தீர்த்தகிரியால் எத்தனையோ செய்ய முடியும். அளவில் குறைந்த போல்ட்டைச் சரி என்று எழுத முடியாது.

"இல்லம்மா," என்றார். "பேட்டரிக்கு வந்தேன்."

இனி மறைத்துப் பயனில்லை என்று அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்: முனிவேல், பட்டினி, முப்பது கிலோமீட்டர், ஆறவிடுவது, மிதவை. நம்புவதற்காகக் குழாயை எடுத்துக் காட்டினார். ஒரு பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை போய் வந்தது.

கரியப்பன் மெல்லக் கேட்டார்: "இத்தன வாரம் வந்து சோறு தின்னது பேட்டரிக்கோசரமா?"

"ஆமா மச்சான்."

"மொதல்ல மாட்டப் படம் புடிச்சீங்க. இப்ப பேட்டரிக்கோசரம் வந்தீங்க. மனுசன் ஒருத்தன் இந்த வீட்ல இருக்கறான்னு உங்களுக்கு என்னைக்காவது தோணுச்சா?"

கேட்டபிறகுதான், கரியப்பனின் மீசை நரைத்திருப்பதையே தீர்த்தகிரி முதல் தடவையாகப் பார்த்தார். நாராயணம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹரிணி மட்டும் பெருமூச்சு விட்டு, "தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

இருவரும் காரில் ஏறினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, கார் கொஞ்சம் மக்கர் பண்ணினால் தேவலை என்று அவர் நினைத்தார். நாலு பேர் தள்ள வருவார்கள், அந்தச் சாக்கில் ஒரு வார்த்தை பேசலாம். சாவியைத் திருகியதும் கார் ஒரே உறுமலில் கிளம்பியது.

பின்கதவு திறந்தது. கருப்பாயி பூத்தட்டோடு ஏறி உட்கார்ந்தாள். "பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுரு கண்ணு" என்றவள், வழி முழுக்க, நல்ல சம்பந்தம், நல்ல பொண்ணு, இனிமே சண்டை கிண்டை கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது பூவைச் சரோஜம்மாளின் தலையில் வைத்துவிட்டு, குங்குமத்தைக் காரின் பானெட்டில் பூசிவிட்டுப் போனாள். அவளுக்கு யாராலும் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ஓசூர் வந்ததும் தீர்த்தகிரி கேட்டார்: "உனக்குத் தெரியுமா, அவுங்க இப்பிடி நெனைக்கறாங்கன்னு?"

"ரெண்டாவது வாரமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய வேற பக்கம் திருப்பிருப்பீங்க. எனக்கு எங்கண்ணன் வேணும்." அவள் தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் காரின் கவரை எடுக்கவில்லை. பேப்பர் படித்தார். படித்ததையே திரும்பப் படித்தார். சரோஜம்மாள் அடுப்பே பற்றவைக்காமல் டிவி பார்த்தாள். பத்தரை மணிக்குப் போன் வந்தது.

"மாப்ள, எங்க இருக்கறீங்க?"

"வீட்லதான் மச்சான்."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம. கறி எடுத்தாச்சு. இன்னும் காணோம்?"

"நீங்க கோவமா இருக்கறீங்களோன்னு..."

"கோவமாத்தான் இருக்கறேன். அதெல்லாம் போன்ல திட்டினா சரியா வராது. கெளம்பி வாங்க."

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது சரோஜம்மாள் வாசலில் கார் கவரை மடித்துக்கொண்டிருந்தாள்.

கரியப்பன் சொன்ன சொல் தவறவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சமும் பின்னால் நிறையவும் திட்டினார். தீர்த்தகிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நடுவில் நாராயணம்மா இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கரியப்பன் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.