இவர் இப்ப சிரிக்கிறார்

...இல்லை, பல் தெரியக்கூடாது, பல் தெரிந்தால் இன்னும் மோசம், காலையில் கண்ணாடியில் பார்த்தேனே, கடிக்க வருகிறவன் மாதிரி இருந்தது, உதட்டை மூடிக்கொண்டு ஓரத்தை மட்டும் லேசாக மேலே இழுக்க வேண்டும், இழுத்தால் புருவம் ஏன் கீழே இறங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் யாராவது கயிறு கட்டி வைத்திருக்கிறார்களா... ரயில் வருவதற்குள் இந்த முகத்தை ஒரு வழிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். மகள் வருகிறாள், இடுப்பில் பேத்தி வருகிறாள், பிறந்ததிலிருந்து நான் நேரில் பார்க்காத பேத்தி, அவளைப் பொறுத்தவரை நான் பிளாட்பாரத்தில் நிற்கிற யாரோ ஒரு ஆள், யாரோ ஒரு ஆளாக என்னைப் பார்த்த எந்தக் குழந்தையும் இதுவரை அழாமல் இருந்ததில்லை. இதோ, பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மா தன் மகளுக்கு பிஸ்கட் ஊட்டப் படாத பாடு படுகிறாள், அது வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறது, அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள், கண் என் மேல் விழுந்தது, விழாமல் இருக்குமா... "ஒழுங்கா சாப்பிடு, இல்லைன்னா அந்தத் தாத்தாகிட்டப் பிடிச்சுக் குடுத்துடுவேன்." குழந்தை என்னைப் பார்த்தது, வாய் தானாகத் திறந்தது. எத்தனை வருஷமாக எத்தனை குழந்தைகளைச் சாப்பிட வைத்திருக்கிறேன், ஒரு அம்மாவாவது நன்றி சொல்லியிருக்கிறாளா?

எனக்குக் கோபமே அதிகம் வராது. இதை யாரிடம் சொன்னாலும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு "சரிங்க, சரிங்க" என்பார்கள். முகம் அப்படி, சும்மா இருந்தாலே முறைக்கிற முகம், நான் வானத்தைப் பார்த்தால்கூட வானம் என்ன தப்பு செய்தது என்று பார்ப்பார்கள். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், முதலில் வாசல் பக்கம்தான் நிற்க வைத்தார்கள், விலை கேட்க வந்தவர்கள் கேட்காமலே திரும்பிப் போனார்கள், முதலாளி கெட்டிக்காரர், "உன்னை எங்க வைக்கணும்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்ப் புகார் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார். அதன் பிறகு புகார் பாதியாகக் குறைந்துவிட்டது. ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கொதித்துப்போய் வருவார்கள், தூரத்திலிருந்தே என்னைப் பார்ப்பார்கள், "சத்தம் கொஞ்சம் வருது, பரவாயில்லைங்க, நாங்களே பார்த்துக்கறோம்" என்று நழுவிவிடுவார்கள். முதலாளி சம்பளத்தை ஏற்றிக் கொடுத்தார். சந்தோஷப்படுவதா, நொந்துகொள்வதா? கடையில் எனக்குப் பேர் கடுகடு அண்ணன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எனக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கும்.

அப்படி ஒரு நாள் மத்தியானம்தான் அவள் வந்தாள், மேஜை விசிறியைப் போர்வையில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு. கவுண்டரில் மெல்ல இறக்கி வைத்தாள், போர்வையை விலக்கினாள், என் முகத்தைப் பார்த்த பிறகும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "இது தலையைத் திருப்ப மாட்டேங்குது. எங்க அண்ணன் இருக்கிற பக்கமே பார்த்துக்கிட்டு நிக்குது. வீட்ல மத்தவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா?" எனக்குள்ளே சிரிப்பு குபுகுபு என்று வந்தது, உள்ளேதான், வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது, முப்பது வயது வரை தெரிந்ததே இல்லை. அவள் பேச்சை நிறுத்தினாள். "என்ன சிரிக்கிறீங்க?" பில் போடுகிறவர் தலையைத் தூக்கி, "யாரும்மா சிரிச்சது?" என்றார். "இவர்தான். நான் வந்ததிலேருந்து சிரிச்சுக்கிட்டேதானே இருக்கார்!" கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது, என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. விசிறியைச் சரிபண்ணிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நன்றாக வேலை செய்கிற இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து சரியில்லை என்றாள். நானும் அதைப் பிரித்துப் பார்த்து, ஆமாம், சரியில்லைதான் என்றேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள்தான் எனக்குப் பேச்சாளர். விருந்தாளி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துத் தவிப்பார், அவள் அடுப்படியிலிருந்தே, "இவர் இப்ப சிரிக்கிறார், நீங்க பாட்டுக்குக் குடிங்க" என்பாள். "இப்ப கவலைப்படறார்." "இப்ப பசி." ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாய் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்... "எனக்குத் தெரியும், அவ்வளவுதான். சொன்னா மறைக்கக் கத்துக்குவீங்க." எங்கள் மகள்கூட என்னைப் பார்த்தால் வீறிட்டு அழுவாள், பேச்சு வருகிற வரைக்கும் அழுதாள், அதனால் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துத்தான் தூக்குவேன், தெருக்கோடி வரை போவோம், நாய், சைக்கிள், தையல்காரர் வீட்டு ஜன்னல், எல்லாவற்றையும் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்போம், அவள் கெக்கெக்கே என்று சிரிப்பது காதில் விழும், முகம் தெரியாது. அவள் பின்மண்டைச் சுழியை இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது, அந்த நாட்களைப் போல சுகம் அப்புறம் இல்லை, வாசலில் அவள் அம்மா நின்று, "போதும், ரெண்டு பேரும் உள்ளே வாங்க" என்று கூப்பிடுவாள்...

அவள் போன அன்றைக்கு வாசலில் நின்ற யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டது கேட்டது. "பொண்டாட்டி செத்துக் கிடக்கா, இப்பவும் மூஞ்சியை எப்படி வெச்சிருக்கான் பாரு." நான் அழுதுகொண்டிருந்தேன். அதை எடுத்துச் சொல்கிற ஆள் உள்ளே படுத்திருந்தாள். ...சரி, சரி, இப்போது அது எதற்கு, முகம் இன்னும் கெட்டுப்போகும். பேத்தி பிறந்ததும் மகள் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள், எனக்கு ஒரே பயம், போனைப் பிடிக்கத் தெரியாதவன் மாதிரி மேலே பார்க்கச் சாய்த்துவிடுவேன், "அப்பா, ஃபேன்தான் தெரியுது, உங்களைக் காட்டுங்க", "எனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்", மின்சாரச் சாமான் கடையிலேயே ஆயுளைக் கழித்தவன் சொல்கிற பதிலா இது? குரல் மட்டும் நான், படம் மட்டும் ஃபேன். போன வாரம் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், தாத்தா எங்கே என்று கேட்டால் குழந்தை கையைத் தூக்கி ஃபேனைக் காட்டுகிறதாம். நானும் சிரித்தேன், போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அந்தக் குழந்தைக்குத் தாத்தா என்றால் காற்று வரும், சுற்றும், முறைக்காது. அந்தத் தாத்தாவோடு நான் எப்படிப் போட்டி போடுவேன்?

ரயில் வந்தேவிட்டது. உதட்டை இழு, புருவத்தைத் தூக்கு, எங்கே தூக்குவது, மகள் இறங்கிவிட்டாள், இளைத்திருக்கிறாள், பையை நான் வாங்கப் போனேன், அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை நீட்டினாள், என் கை பழக்கத்தில் அதை வெளிப்பக்கம் திருப்பப் போயிற்று. "அப்பா, அந்தப் பக்கம் இல்லை. உங்களைப் பார்க்கிற மாதிரி." திருப்பிவிட்டேன். என்னதான் ஆகட்டும். "வாடா தங்கம்" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. குழந்தைக்குக் கேட்டது. சட்டென்று அண்ணாந்து பிளாட்பாரக் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தது. மறுபடியும் சொன்னேன். ஃபேனைப் பார்த்தது, என் வாயைப் பார்த்தது, ஃபேன், வாய், ஈரக் கையை நீட்டி என் உதட்டைத் தொட்டது, அப்புறம் மெதுவாகப் புருவம் இரண்டும் கீழே இறங்கி நடுவில் முட்டிக்கொண்டன, உதடு இறுகியது. ஐயோ, இந்த முகத்தை எனக்குத் தெரியும், தினமும் சவரம் செய்கிற முகம். இந்தப் பச்சைப் பிள்ளைக்கு இதையா கொடுத்தேன், வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா எனக்குக் கொடுக்க... பக்கத்துப் பெஞ்சு அம்மா, "பாப்பாவுக்கு என்ன கோபம் வருது பாருங்க, அழப்போகுது" என்றாள். மகளும் கையை நீட்டினாள். "குடுங்கப்பா, அழப்போறா." நான் கொடுக்கவில்லை. குழந்தையின் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவில், குண்டூசித் தலை அளவுக்கு, ஒரு குழி விழுந்து மறைந்தது, மறுபடி விழுந்தது.

"இல்லம்மா. இவ இப்ப சிரிக்கிறா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று நெஞ்சில் இடித்தது. குழந்தை அழவில்லை, புருவத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு என் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் என் முகவாயைத் தடவினேன், அந்த இடத்தை, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இதைத்தானா அவள் பார்த்தாள், இவ்வளவு சின்ன இடத்தையா, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, முதல் நாளே... வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்துவிடலாம், ஆனால் கண்ணாடி முன்னால் நின்றால் எனக்குச் சிரிப்பு வராதே.